சப்ளையர் சொல்லும் 15 நாள், உண்மையில் எத்தனை நாள்?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: தண்ணீர் வடிகட்டி தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறார். 14 பேர் வேலை செய்கிறார்கள். 9 சப்ளையர்களிடமிருந்து சுமார் 220 வகை பாகங்களை வாங்கிப் பொருத்தி, 18 மாடல்களாக விற்கிறார். விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பெரிய சங்கிலிக்கடை நிறுவனத்துக்குப் போகிறது. மீதி சிறு கடைகளுக்கு. குடோன் நிறையச் சரக்கு, அதில் பணம் முடங்கிக் கிடக்கிறது. ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஏதோ ஒரு பாகம் இல்லாமல் வேலை நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் போட்டியாளர்கள் சரக்கைக் கொடுத்து ஆர்டரை வாங்கிக்கொள்கிறார்கள்.

அவர் கேட்பவை மூன்று. தேவையை முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள் ஒன்றைக் கடன் வாங்கியாவது போட்டுவிடலாமா? சங்கிலிக்கடை நிறுவனம் தன் இணையதள போர்ட்டலில் தினசரி இருப்பு, உற்பத்தித் திட்டம், சப்ளையர் பட்டியல், கொள்முதல் விலை எல்லாவற்றையும் பதிவிடச் சொல்கிறது. மூன்று வாரத்தில் பதில் தர வேண்டும், கொடுக்கலாமா? இதே தொழிலில் உள்ள நான்கு பேர் சேர்ந்து, யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார்கள், சேரலாமா? கடிதத்தோடு, அடிக்கடி தீர்ந்துபோகும் ஒரு வால்வின் கடைசி 12 ஆர்டர்களின் தேதிகளையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

அந்தப் 12 ஆர்டர்களை நீங்கள் அனுப்பியது நல்லதாயிற்று. முதல் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

அந்த வால்வுக்கு சப்ளையர் சொன்ன லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வர ஆகும் காலம்) 15 நாள். உங்கள் தினசரிப் பயன்பாடு சராசரியாக 40. இருப்பு 700-க்கு இறங்கியதும் ஆர்டர் போடுகிறீர்கள். 15 நாளுக்கு 600, கைக்காவலுக்கு இன்னொரு 100 என்ற கணக்கு. பார்வைக்குச் சரியான கணக்குதான். ஆனால் ஆர்டர் அனுப்பிய நாளிலிருந்து சரக்கு வந்த நாள் வரை எண்ணினால் உங்கள் 12 ஆர்டர்களுக்கும் ஆன நாட்கள் இவை: 14, 15, 16, 15, 22, 17, 15, 31, 16, 18, 24, 19. சராசரி 18.5 நாள். 700 வால்வு 17 நாளுக்குச் சற்று மேல்தான் தாங்கும். 12 ஆர்டரில் 5 ஆர்டர் அதைத் தாண்டியிருக்கிறது. ஆக, அந்த வால்வு தீர்ந்துபோவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உங்கள் 700 என்ற எண்ணே அதற்கு வழிசெய்து கொடுக்கிறது.

மென்பொருள் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

காப்பு இருப்பு, அதாவது எதிர்பாராததைச் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு, எவ்வளவு வேண்டும் என்பதை இரண்டு ஆட்டங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தினசரித் தேவையின் ஏற்ற இறக்கம். உங்கள் பதிவின்படி அதன் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 12. மற்றொன்று, லீட் டைமின் ஏற்ற இறக்கம். மேலே உள்ள 12 எண்களுக்கு அது ஏறக்குறைய 5 நாள். எக்ஸெல்லில் இரண்டையும் ஒரே ஃபார்முலாவில் எடுத்துவிடலாம். கணக்கு இப்படிப் போகும்:

தேவையால் வருவது: 18.5 × 12 × 12 = 2,664.
லீட் டைமால் வருவது: 40 × 40 × 5 × 5 = 40,000.
இரண்டின் கூட்டுத்தொகை 42,664. அதன் வர்க்கமூலம் சுமார் 206.6. நூற்றுக்கு 95 தடவை தட்டுப்பாடு வராமலிருக்க 1.65-ஆல் பெருக்க வேண்டும். காப்பு இருப்பு 341.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 2,664, 40,000. நாளைக்கு எத்தனை விற்கும் என்பதை ஒரு மென்பொருள் துளிப் பிசகாமல் சொல்லிவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். முதல் எண் பூஜ்யமாகிவிடும். அப்போதும் உங்களுக்கு 330 வால்வு காப்பாக வேண்டும். கடன் வாங்கிப் போட்ட மென்பொருளால் மிச்சமானது வெறும் 11 வால்வு. மாறாக, சப்ளையரின் தாமத ஆட்டத்தை 5 நாளிலிருந்து 2 நாளாகக் குறைத்தால், வேறு எதையும் தொடாமலே காப்பு இருப்பு 157-க்கு வந்துவிடும். உங்கள் பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. வாடிக்கையாளரைப் பற்றிய தகவலைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களிடம் இல்லாதது சப்ளையரைப் பற்றிய தகவல்.

இப்போதைக்கு, இருப்பு எவ்வளவுக்கு இறங்கியதும் அந்த வால்வுக்கு ஆர்டர் போடுவது என்ற அளவை 700-லிருந்து 1,080-க்கு உயர்த்துங்கள் (18.5 நாள் × 40 = 740, அதோடு 341). அது 27 நாள் தாங்கும். அந்த 31 நாள் ஆர்டரை இதுவும் தாங்காது. ஃபார்முலா, தாமதங்கள் சராசரியின் இருபுறமும் சமமாகப் பரவியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் சரக்கு சீக்கிரம் வருவது மூன்று நான்கு நாள், தாமதமாக வருவது பத்துப் பன்னிரண்டு நாள். அதனால் ஃபார்முலாவை நம்புவதோடு, மிக மோசமான ஆர்டருக்கு என்ன ஆயிற்று என்று சப்ளையரிடம் தனியாகக் கேளுங்கள். ஒரு தடவை நடந்த விபத்தா, திரும்பத் திரும்ப வரக்கூடியதா என்பதைப் பொறுத்தே அதற்கும் சேர்த்து இருப்பு வைப்பதா என்று முடிவெடுக்க முடியும். இன்னொன்று: வேலை நாள் என்றால் எல்லாவற்றையும் வேலை நாளிலேயே எண்ணுங்கள். பயன்பாட்டை வேலை நாளிலும் லீட் டைமைக் காலண்டர் நாளிலும் எண்ணிவிட்டுக் கணக்கு ஒத்துவரவில்லை என்று தவிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஐந்து தேதிகள்

நீங்கள் ஆர்டர் தேதியையும் வந்த தேதியையும் மட்டும் குறிக்கிறீர்கள். தாமதம் இருப்பது தெரிகிறது, எங்கே என்பது தெரியவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஐந்து தேதிகளை எழுதுங்கள்: நீங்கள் ஆர்டர் அனுப்பிய நாள், சப்ளையர் உறுதிசெய்த நாள் (எப்போது தருவதாகச் சொன்னார் என்பதும் சேர்த்து), அவர் அனுப்பிய நாள், உங்கள் வாசலுக்கு வந்த நாள், சோதித்து முடித்துப் பயன்பாட்டுக்கு விட்ட நாள். கூடவே கேட்ட எண்ணிக்கை, வந்த எண்ணிக்கை, தேறிய எண்ணிக்கை. ஒரு எக்ஸெல் தாள் போதும். பொறுப்பு ஒருவருடையதாக இருக்க வேண்டும். எல்லோரும் எழுதலாம் என்று விட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.

220 பாகத்துக்கும் இதைத் தொடங்காதீர்கள், இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும். கடந்த ஆறு மாதத்தில் வேலையை நிறுத்திய பாகங்கள் எவை என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு, 20, 25 பாகங்களோடு ஆரம்பியுங்கள். விலை அதிகமான பாகங்களை மட்டும் கவனிப்பது வழக்கம். அது பணத்தைக் காப்பாற்றும், டெலிவரியைக் காப்பாற்றாது. ஒரு சீல் ரிங் இல்லையென்றாலும் வடிகட்டி வெளியே போகாது.

இரண்டு மூன்று மாதத்தில் காரணங்கள் தாமாக வெளியே வரும். ஆர்டர் போய் உறுதிப்படுத்தல் வர நான்கு நாள் ஆகிறதென்றால், அது ஒரு தொலைபேசி அழைப்பில் தீரக்கூடியது. உறுதிசெய்ததற்கும் அனுப்பியதற்கும் இடையில் ஆட்டம் இருந்தால், பெரும்பாலும் சப்ளையர் அந்தப் பாகத்தைக் குறிப்பிட்ட வாரங்களில் மட்டுமே ஓட்டுகிறார் என்று பொருள். மோல்டை (வார்ப்பு அச்சை) மாற்றி இயந்திரத்தைத் தயார்செய்ய அவருக்கு நேரமும் பொருளும் செலவாகும், அதனால் சேர்த்துவைத்து ஓட்டுகிறார். அந்த ஓட்டம் தொடங்கும் முன் உங்கள் ஆர்டர் போய்ச் சேர்ந்தால் 15 நாள். ஒரு நாள் பிந்தினால் அடுத்த சுற்றுவரை காத்திருப்பு. “இந்தப் பாகத்தை எந்த வாரம் ஓட்டுகிறீர்கள், எந்த நாளுக்குள் ஆர்டர் தர வேண்டும்?” இந்த ஒரு கேள்வியை எல்லா சப்ளையரிடமும் கேளுங்கள். செலவே இல்லாமல் லீட் டைமின் ஆட்டத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வாசலுக்கு வந்ததற்கும் பயன்பாட்டுக்கு விட்டதற்கும் இடையில் நாட்கள் ஓடியிருந்தால் தவறு உங்கள் பக்கம். சரக்கு உள்ளேதான் இருக்கிறது, சோதிக்க ஆளில்லை.

இதோடு ஒரு வேலை. 220 பாகங்களின் இருப்பையும் அவற்றின் தினசரிப் பயன்பாட்டால் வகுத்து, எத்தனை நாளுக்கு வரும் என்று வரிசைப்படுத்துங்கள். சரக்கு நிறைய இருக்கிறது, அதனால் தட்டுப்பாடு வரக்கூடாது என்ற உங்கள் எண்ணம் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் மாறிவிடும். ஒரு முனையில் 300 நாளுக்கு இருக்கும் பாகங்கள், மறுமுனையில் 6 நாளுக்கு இருப்பவை. மொத்த மதிப்பு இரண்டையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. பட்டியல் எடுக்கும் முன், புத்தகத்தில் உள்ள எண்ணும் அலமாரியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதைப் பாருங்கள். தினம் 8 பாகம் எண்ணினால் 28 வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். வழக்கமான பிழைகள்: பெட்டியையும் எண்ணிக்கையையும் குழப்புவது, ஒரே பாகம் இரண்டு குறியீட்டு எண்களில் இருப்பது, எழுதாமல் எடுத்துப் போவது, திரும்பி வந்த சரக்கைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காமல் மூலையில் விடுவது.

ஒன்றரை மடங்கு ஆர்டர் பற்றி

தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால் ஒன்றரை மடங்காகக் கேட்டுவிடுவேன், பாதி வந்தாலும் சமாளிக்கலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். 1997-இல் ஹவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், கடையில் விற்பனை ஏறக்குறைய சீராக இருக்கும்போதே, கடையிலிருந்து தயாரிப்பாளர், அவருடைய சப்ளையர் என்று மேலே போகப்போக ஆர்டர்கள் ஏன் தாறுமாறாக ஆடுகின்றன என்று ஆராய்ந்து நான்கு காரணங்களைச் சொன்னார்கள். பெருகிக்கொண்டே போகும் இந்த ஆட்டத்துக்கு புல்விப் விளைவு என்று பெயர். குழந்தைகளின் டயப்பர் விற்பனையில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதைக் கவனித்தது பிரபலம். அந்த நான்கு காரணங்களில் ஒன்று, தட்டுப்பாட்டுக்குப் பயந்து கூட்டிக் கேட்பது. மற்றவை: வரும் ஆர்டரையே தேவை என்று நினைத்துக் கணிப்பை மாற்றுவது, சேர்த்துவைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது, விலைச் சலுகையில் வாங்கிக் குவிப்பது.

நீங்கள் கூட்டிக் கேட்டால் சப்ளையர் அதை நம்பி மூலப்பொருள் வாங்குவார், அல்லது நம்பாமல் வெட்டிக் கொடுப்பார். நம்பினால் அடுத்த மாதம் உங்கள் ஆர்டர் சுருங்கும்போது அடிபடுவார். நம்பாவிட்டால், உங்களுக்கு உண்மையிலேயே அவசரம் வரும் நாளிலும் வெட்டுவார். அவருடைய லீட் டைம் ஆடுவதில் உங்கள் கையும் இருக்கக்கூடும்.

அதற்குப் பதில், மாதம் இருமுறை அடுத்த 8 வாரத் தேவையை அவருக்கு அனுப்புங்கள். முதல் 2 வாரம் உறுதி, என்ன ஆனாலும் எடுத்துக்கொள்வீர்கள். அடுத்த 2 வாரம் 20 சதவீதம் கூடலாம் குறையலாம். மீதி 4 வாரம் அவருடைய தகவலுக்கு மட்டும். முன்பு சொன்னதற்கும் எடுத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் அதே தாளில் நீங்களே எழுதி அனுப்புங்கள். சிறு வாடிக்கையாளர் என்பதால் சப்ளையர் உங்களைக் கடைசியில் வைப்பார் என்று நீங்கள் நினைப்பது பாதி உண்மை. எப்போது எவ்வளவு வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லி, சொன்னபடி எடுக்கும் சிறு வாடிக்கையாளரைத் திட்டமிட்டு ஓட்டலாம். உற்பத்தி மேலாளர்களுக்கு அது பெரிய விஷயம்.

தகவல் கிடைப்பதும் அதன்படி நடப்பதும் வேறுவேறு என்பதற்கு 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் நடந்தது நல்ல உதாரணம். அமெரிக்காவின் ஆல்பக்கர்க்கியில் இருந்த பிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில் மின்னலால் சிறு தீ. நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள். நோக்கியா, எரிக்சன் இரண்டுக்கும் அங்கிருந்துதான் சிப் போய்க்கொண்டிருந்தது, இரண்டுக்கும் ஒரு வாரத் தாமதம் என்றே சொல்லப்பட்டது. நோக்கியா அந்தச் சிப்பைத் தனிக் கண்காணிப்பில் வைத்துத் தினமும் விசாரித்தது. நிலைமை மோசம் என்று தெரிந்ததும் மாற்று ஏற்பாடுகளை முந்திக்கொண்டு செய்தது. எரிக்சன் விழித்தபோது மாற்றுச் சரக்கு கைநழுவிவிட்டது, பெருத்த நஷ்டம். உங்கள் அளவில் இதன் பொருள் எளிது: உறுதிசெய்த தேதி ஒரு தடவை தள்ளிப்போனால், சரக்கு வரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் அழைத்துக் கேட்க வேண்டும். எத்தனை நாள் தள்ளிப்போனால் மாற்று சப்ளையரை அழைப்பது என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

மென்பொருளை எப்போது வாங்கலாம்

மூன்று மாதம் சுத்தமான பதிவு கையில் வந்த பிறகு யோசியுங்கள். விற்பவரிடம் பழைய விற்பனைப் பதிவைக் கொடுங்கள், கடைசி 3 மாதத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். அந்த 3 மாதத்தை அவர் மென்பொருள் கணிக்கட்டும். நீங்கள் கடைசி 8 வாரச் சராசரியை வைத்துக் கணியுங்கள். எது நிஜத்துக்கு அருகில் வருகிறது என்று பாருங்கள். தெளிவாக அது ஜெயிக்கவில்லை என்றால் வேண்டாம். சரக்கு இல்லாத நாட்களில் விற்பனை பூஜ்யம் என்று இருக்கும் வரிகளைத் தனியாகக் குறித்துக் கொடுக்க மறக்காதீர்கள். அன்று தேவை இருந்தது, கொடுக்கத்தான் பொருள் இல்லை. அதைத் தேவையில்லாத நாள் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், தட்டுப்பாடு வரும் மாடலுக்கே குறைவாகக் கணித்து மறுபடி தட்டுப்பாட்டில் விடும். வாங்குவதானால், எல்லாப் பதிவையும் எப்போது வேண்டுமானாலும் எக்ஸெல்லாக எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

சங்கிலிக்கடைக்கு எதைக் கொடுப்பது

எல்லாவற்றையும் கொடு அல்லது ஆர்டரை இழ என்று இதை நீங்கள் பார்க்கிறீர்கள். அவர்கள் கேட்டது நான்கு தனித்தனி விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில் இருக்கலாம்.

அவர்களுக்கான மாடல்களின் முடிந்த சரக்கு இருப்பையும் அனுப்பும் தேதியையும் தாராளமாகக் கொடுங்கள். அது அவர்கள் அலமாரி காலியாகாமல் இருக்கத் தேவை, உங்களுக்கும் நல்லது. உற்பத்தித் திட்டத்தை முழுதாகக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்காக வாரம் எத்தனை செய்ய முடியும் என்பது போதும். மற்ற வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவு போகிறது என்பது தெரியாமல் இருக்கட்டும். கொள்முதல் விலையைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் விலையும் தெரிந்துவிட்டால் அடுத்த பேச்சுவார்த்தையில் உங்கள் லாபத்தை அவர்கள்தான் நிர்ணயிப்பார்கள். மூலப்பொருள் ஏறினால் விலை ஏறும் என்பதே பேச்சு என்றால், வெளிச்சந்தையில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு விலைக்குறியீட்டோடு இணைக்கலாம் என்று முன்வையுங்கள்.

சப்ளையர் பட்டியல் கொஞ்சம் சிக்கலானது. குடிநீரோடு தொடர்புள்ள பொருள் என்பதால், எந்தப் பொருளால் செய்தது, எங்கே செய்தது, என்ன சான்றிதழ் என்று கேட்பதற்கு அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கலாம். சில நாடுகளில் சட்டமே அதைக் கேட்கிறது. முதலில், எந்த விதியின் கீழ், எந்தப் பாகங்களுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ், பேட்ச் எண், செய்த நாடு இவை போதுமானால் பெயர் தேவையில்லை. பெயரும் வேண்டும் என்றால், இருவருக்கும் பொதுவான ஒரு தணிக்கையாளரிடம் மட்டும் காட்டுவதாகச் சொல்லலாம். உங்கள் சப்ளையரோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஏதும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அவர் சம்மதமில்லாமல் அவர் பெயரைக் கொடுப்பது ஒப்பந்த மீறலாகிவிடலாம்.

கொடுப்பதற்கு ஈடாகக் கேட்கவும் வேண்டும். உங்களுக்கு இப்போது தெரிவது அவர்கள் போடும் ஆர்டர் மட்டும். கடையில் பில் போட்ட எண்ணிக்கை தெரியாது. மாடல் வாரியாக வார விற்பனை, அவர்கள் கிடங்கிலும் கடையிலும் உள்ள இருப்பு, தள்ளுபடி நாட்களின் அட்டவணை, 8 வார முன்கணிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். தள்ளுபடி அட்டவணை மட்டும் கிடைத்தால்கூட உங்கள் திடீர் நெருக்கடிகளில் கணிசமானவை முன்பே தெரிந்துவிடும். சிறு கடைகளிடம் போர்ட்டல் எல்லாம் வேண்டாம். அதிகம் விற்கும் ஐந்தாறு கடைகளில் வாராவாரம் ஒரே நாளில் அலமாரியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன வாரம் இருந்ததோடு இடையில் அனுப்பியதைக் கூட்டி, இந்த வாரம் இருப்பதைக் கழித்தால் விற்றது தெரியும்.

எழுத்தில் வர வேண்டியவை: தகவலை எதற்குப் பயன்படுத்தலாம், யார் பார்க்கலாம், உங்கள் போட்டியாளருக்கும் அவர்களுடைய சொந்தப் பிராண்டை வாங்கும் பிரிவுக்கும் போகக் கூடாது, உறவு முடிந்தால் அழிக்க வேண்டும், அவர்கள் முன்கணிப்பை நம்பி நீங்கள் வாங்கிய பாகங்களை எவ்வளவு வரை அவர்கள் ஏற்பார்கள். இந்தக் கடைசி விதி இல்லாமல் முன்கணிப்பை ஏற்காதீர்கள். ஒரு மாடலை அவர்கள் திடீரென நிறுத்தினால் பாகங்கள் உங்கள் தலையில் விழும்.

நான்கு பேர் குழு

நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் போட்டியாளர்கள் இன்றைய விலையையோ நாளை வைக்கப்போகும் விலையையோ, யாருக்கு விற்கிறோம் என்பதையோ பகிர்வது பல நாடுகளின் போட்டிச் சட்டத்தில் குற்றமாகக் கருதப்படக்கூடியது. வாய்மொழியாகவோ கைப்பேசிக் குழுவிலோ பகிர்ந்தாலும் அப்படித்தான், சிறு நிறுவனம் என்பதும் எப்போதும் காப்பாற்றாது. கொள்முதல் விலை விற்பனை விலையின் பெரும்பகுதியாக இருக்கும் தொழிலில் அதையும் அப்படியே பார்ப்பார்கள். எனவே, பட்டியலைச் சுற்றுக்கு விடுவது வேண்டாம். சேர்ந்து வாங்கி அளவுச் சலுகை பெற விரும்பினால், தனி அமைப்பாகப் பதிவுசெய்து, ஒரு வெளி ஆள் நால்வரின் தேவையையும் கூட்டி விலை பேசலாம். ஒருவரின் அளவு மற்றவருக்குத் தெரியாதபடி அது நடக்க வேண்டும். அதற்கும் முன்பு உங்கள் ஊரின் போட்டிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் கருத்தைப் பெறுங்கள்.

மூன்று வாரக் கெடு இருப்பதால், இந்த வாரமே சங்கிலிக்கடைக்குப் பதில் அனுப்புங்கள். முடிந்த சரக்கு இருப்பையும் அனுப்பும் தேதியையும் உடனே தரத் தயார் என்று சொல்லி, முதல் தாளை அதிலேயே இணைத்துவிடுங்கள். சப்ளையர் விவரம் எந்த விதிக்காக என்று கேளுங்கள். வார விற்பனையையும் தள்ளுபடி அட்டவணையையும் கேளுங்கள். கொள்முதல் விலை தருவதில்லை என்பதை மழுப்பாமல் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அவர்களுடைய வாங்கும் பிரிவு அதன் மேல் பேச வரும்போது, கடைசி 6 மாதத்தில் நீங்கள் எத்தனை ஆர்டரைச் சொன்ன நாளில் முழுதாகக் கொடுத்தீர்கள் என்ற எண் கையில் இருக்கட்டும். அந்த எண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.